எடையில் வராத மூச்சு

14 ஜூன் 1993, திங்கள்

ஏழு நாற்பது பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரும் வரை மலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மேகம் மலையின் இடுப்புக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மேலே மழை பெய்கிறதா, சும்மா இருக்கிறதா? யோசித்துக்கொண்டே மில் ஸ்டாப்பை விட்டுவிட்டேன். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்தேன். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. அம்மாவிடம் சொல்லக் கூடாது.

நேற்று சர்ச் வாசலில் ஒரு அக்கா, "சாக்கடையில என்னத்தட்டி அளப்ப?" என்று கேட்டாள். சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். எங்கள் மில்லில் பேண்டேஜ் துணி வெளுக்கிறார்கள். வெளுத்த பிறகு மிஞ்சும் தண்ணீர் ஒரு பெரிய தொட்டிக்கு வருகிறது. தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக் கணக்கில் இருக்கின்றன. புளோவர் அடியிலிருந்து காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அவை மூச்சு விட்டுக்கொண்டு அழுக்கைத் தின்னும், தின்று சேறாகத் திரளும். சேறு அடுத்த தொட்டியில் படிந்துவிட, மேலே தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். சேறு குறைந்தால் தின்ன ஆள் இல்லை. கூடினால் தண்ணீர் தெளியாது. ஆகவே எவ்வளவு சேறு என்று தினம் வடிகட்டி, காயவைத்து, தராசில் நிறுத்து எழுதுகிறேன். இன்று லிட்டருக்கு 3600 மில்லிகிராம்.

ஒரு கோடி உயிரை நிறுத்து எழுதுகிற வேலை. இதை அந்த அக்காவிடம் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக மூக்கைப் பொத்தியிருப்பாள்.

நிறுத்த பிறகு ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். காம்பில் தொங்கும் மணிகள் மாதிரி இருக்குமே, அந்தப் பூச்சிகள் கொஞ்சமாகத்தான் இருந்தன. அவற்றுக்குப் பதிலாக நீளநீளமாக நூல்கள், ரிப்பன் மாதிரி முறுக்கிக்கொண்டு, ஒளி ஊடுருவி. என்ன அழகு. புத்தகத்தில் நூல் வடிவ பாக்டீரியா என்று படித்திருக்கிறேன். இவைதானா? ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

15 ஜூன், செவ்வாய்

நூல்களை வரைந்தேன். ஆறு படம். சோறு ஆறிப்போனது.

23 ஜூன், புதன்

எடை 4200. ஏறிக்கொண்டே போகிறது. தொட்டி செழித்துவிட்டது.

ஏப்ரலில் எடை ஏறத் தொடங்கியதில் இருந்து தினம் அரை மணி நேரம் வெளியேற்றுகிறோம், இன்று மஞ்சள் சீட்டில் கூட்டி எழுதினேன்: "தினம் ஒரு மணி நேரம் சேறு வெளியேற்றவும்." மில்லில் அதுதான் முறை. லேப் சீட்டு எழுதும், ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு அதன்படி வால்வைத் திறப்பார், சேறு காயப்போடும் களத்துக்குப் போகும்.

ஆபரேட்டர் வேல்சாமி அண்ணன் சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின் பக்கத்தில் ஒன்றும் இல்லை.

"கெமிஸ்ட்டம்மா, தொட்டி முகம் வெளிறிக் கெடக்கு. மண்வாசம் வரும்லா, அதயும் ரெண்டு வாரமாக் காணோம். இதுல இன்னும் தொறந்துவிடச் சொல்லுதிய."

"எடை கூடியிருக்கு அண்ணே. நாலாயிரத்து எரநூறு."

"தராசுக்கு மூக்கு இருக்கா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தேவதானத்தில் இருந்து சைக்கிளில் வருகிறவர், பேச்சில் யாரையும் விடமாட்டார். எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

3 ஜூலை, சனி

பத்து நாளாக வெளியேற்றியும் எடை இறங்கவில்லை. 4000, 4100, 4000. இவ்வளவு வேகமாகவா வளர்கிறது?

சந்தேகம் வந்து, காய்ந்த சேற்றை உலையில் வைத்து எரித்தேன். மண்ணும் உப்பும் எரியாது, உயிர்ப்பொருள் எரிந்துபோகும். நூற்றில் எண்பத்தைந்து பங்கு எரிந்துபோனது. அப்படியானால் முக்கால்வாசிக்கு மேல் உயிர்தான். சந்தேகம் தீர்ந்தது.

சீட்டை இரண்டு மணி நேரமாக மாற்றினேன். வேல்சாமி அண்ணன் இந்தத் தடவை சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் தொட்டி ஓரம் கொஞ்ச நேரம் நின்றேன். நுரை வெயிலில் நிறம் மாறி மாறிக் காட்டியது. அடியில் இத்தனை கோடிப் பேர் மூச்சு விடுகிறார்கள், ஒரு சத்தமும் மேலே வரவில்லை, புளோவர் சத்தம் மட்டும்தான். வீட்டுக்கு வந்தும் காதில் அதுவே ஓடியது. அம்மா, "ஏட்டி, சோத்தத் தின்னுட்டுக் கனவு காணு" என்றாள்.

12 ஜூலை, திங்கள்

இன்று காலை ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் நான்கு பேர் குடத்தோடு வந்தார்கள். குடத்தை மேனேஜர் மேஜை மேல் வைத்தார்கள். பால் கலந்த மாதிரி தண்ணீர், நாற்றம் வேறு. "மாடு மூஞ்சியத் திருப்பிக்கிடுது சார்" என்றார் ஒருவர். சத்தம் போடாமல்தான் சொன்னார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் போனதும் மேனேஜர் குருசாமி சார் என்னைக் கூப்பிட்டார்.

"தொட்டியில சேறு சரியா இருந்துச்சா?"

"இருந்தது சார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்."

"அப்ப தொட்டியில குறை இல்ல. காத்துதான் போகல." வேல்சாமி அண்ணன் பக்கம் திரும்பினார். "ஷிப்ட்டுல புளோவர அமத்திட்டுத் தூங்கியிருக்க."

வேல்சாமி அண்ணன் போன வருஷம் ஒரு தடவை தூங்கிப் பிடிபட்டவர். அது எல்லோருக்கும் தெரியும்.

"நான் அமத்தல சார். தொட்டி செத்துக்கிட்டு வருதுன்னு அன்னைக்கே சொன்னேன். கெமிஸ்ட்டம்மாட்டக் கேளுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன்? "வெளிறிப்போச்சுன்னு சொன்னார் சார். ஆனா எடை சரியாத்தான் இருந்தது." இதைத்தான் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு ஏன் இப்படி இருக்கிறது?

13 ஜூலை, செவ்வாய்

வேல்சாமி அண்ணனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி விசாரணை. அதில் நானும் சாட்சி.

18 ஜூலை, ஞாயிறு

சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அம்மா திருப்பி வைத்தாள்.

மத்தியானம் தூங்கும்போது கனவு. தொட்டிக்குள் இறங்கி நடக்கிறேன். தண்ணீர் இல்லை, வெளிச்சம்தான். சுற்றிலும் என் நூல்கள், ஆள் உயரத்துக்கு, மெதுவாக ஆடுகின்றன. ஒன்றைத் தொட்டு, மூச்சு வருகிறதா என்று மூக்குப் பக்கம் விரல் வைக்கிறேன். மூக்கு எங்கே என்று தெரியவில்லை. தேடிக்கொண்டே இருக்கிறேன்.



22 ஜூலை, வியாழன்

தேர்க் கூட்டம். பஸ் ஊருக்குள் வரவில்லை, வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். அவ்வளவு ஜனத்துக்குள் ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். வேல்சாமி அண்ணன் மனைவி குருவம்மாள். மில்லில் பொங்கலுக்கு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"அவிய புளோவர அமத்தல. தூங்குனா தூங்குனேன்னு சொல்லுற மனுசன். போன வருசம் சொன்னாகள்ல?"

உண்மைதான். போன வருஷம் பிடிபட்டபோது அவரே ஒத்துக்கொண்டார்.

"வேலைய விட அந்தப் பேருதான் தாங்கல. வெளியவே வரல. நீங்க அங்கதான இருந்திய. பாத்தத சொல்லுங்க, போதும்."

பார்த்ததைத்தான் சொன்னேன் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. கூட்டம் தள்ளியது, கை விட்டுப்போனது. தேர் நகர்வதை எல்லோரும் பார்த்தார்கள். நான் அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

26 ஜூலை, திங்கள்

ஒன்று உறைக்கிறது. ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை?

புது ஆள் மாரிச்சாமி இரண்டு வாரமாக புளோவரை நிறுத்தவே இல்லை. மேனேஜரே வந்து வந்து பார்க்கிறார். சேறு வெளியேற்றுவதையும் நிறுத்தியாயிற்று. எடை 3900. காற்று இருக்கிறது, சேறு இருக்கிறது. தண்ணீர் மட்டும் பாலாகவே இருக்கிறது. அப்படியானால் காற்று இல்லாததா காரணம்?

எடை சொல்கிறது. எடைக்கு என்ன தெரியும்? பிணத்தை நிறுத்தாலும்தான் எடை இருக்கும்.

புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறது, நான் செய்ததே இல்லை. சேற்றைக் காற்றோடு கலக்கி, பாட்டிலில் நிரப்பி மூடிவிட வேண்டும். உயிர் இருந்தால் உள்ளே இருக்கும் காற்றை அது தின்னும். இருபது நிமிஷம் கழித்து, மூச்சை நிறுத்துகிற மருந்தை ஊற்றித் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் இரண்டு மருந்து விட வேண்டும். பழுப்பாகத் திரிந்தால் காற்று மிச்சம் இருக்கிறது. வெள்ளையாகத் திரிந்தால் காற்று தீர்ந்துவிட்டது, உள்ளே யாரோ மூச்சு விட்டிருக்கிறார்கள்.

செய்தேன். பழுப்பு. மறுபடியும் செய்தேன், நாற்பது நிமிஷம் விட்டு. பழுப்பு. மூன்றாவது தடவை ஒரு மணி நேரம் விட்டேன். கொஞ்சம் வெளிறிய பழுப்பு.

தொட்டியில் யாருமே இல்லையா? அப்படியானால் நான் தினமும் நிறுக்கிறேனே, அது என்ன?

27 ஜூலை, செவ்வாய்

பஞ்சு.

காலையில் பேக்கிங் பிரிவில் கீழே கிடந்த பஞ்சில் ஒரு இழை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரிப்பன் மாதிரி, முறுக்கிக்கொண்டு, ஒளி ஊடுருவி. என் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

ஏப்ரலில் மில்லில் ஆஸ்பத்திரிப் பஞ்சுப் பிரிவு புதிதாகத் தொடங்கினார்கள். உதிரிப் பஞ்சைக் கழுவுகிற தண்ணீரும் தொட்டிக்குத்தான் வருகிறது. பொடி இழையெல்லாம் சேற்றில் சேர்ந்து, வடிகட்டித் தாளில் தங்கி, தராசில் உட்கார்ந்து, உயிர் என்று பெயர் வாங்கிக்கொண்டது. உலையில் வைத்தேனே, பஞ்சு எரியாமல் என்ன செய்யும்?

பஞ்சு ஊரில், பஞ்சு மில்லில், பஞ்சைப் பார்த்து ஒரு மணி நேரம் மயங்கி உட்கார்ந்திருக்கிறேன். ஆறு படம் வேறு. அடி மக்கு.

இதோடு போனால் சிரித்துக்கொள்ளலாம். பஞ்சின் எடையைப் பார்த்து, கூடிவிட்டது, வெளியேற்று என்று எழுதினேன். பஞ்சு தினமும் புதிதாக வந்தது. உயிர் அப்படி வராது, அது வளர வேண்டும். வளர்வதற்குள் வெளியே போய்விட்டது. ஒரு மணி நேரம் போதாது என்று இரண்டு மணி நேரம்.

தொட்டியைக் கொன்றது நான். வேல்சாமி அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

28 ஜூலை, புதன்

சொல்லவில்லை.

29 ஜூலை, வியாழன்

மேனேஜர் அறை வாசல் வரை போனேன். "என்னம்மா?" என்றார். "வடிகட்டித் தாள் தீர்ந்துபோச்சு சார்" என்றேன். இரண்டு பெட்டி இருக்கிறது.

31 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். படத்தையும் இழையையும் காட்டினேன். குருசாமி சார் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை.

"இத யார்ட்டயும் சொன்னியா?"

"இல்ல சார்."

"கவனக்குறைவு, ஆபரேட்டர் மேல நடவடிக்கைன்னு மேல சர்க்காருக்கு எழுதியாச்சு. இப்ப நீ வந்து பஞ்சுங்கிற. அப்ப ஏப்ரல்ல இருந்து நீ எழுதுன புத்தகம் அம்புட்டும் பொய்யின்னு ஆகும். உன்னை வச்சிருப்பாங்களா? உங்கம்மாவுக்கு நீதான?"

"வேல்சாமி அண்ணன் சார்?"

"அவன் போன வருசம் தூங்கலயா?"

போன வருஷத் தூக்கத்துக்கு இந்த வருஷம் தண்டனையா? கேட்கவில்லை. எனக்கு எல்லாக் கேள்வியும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வரும்.

வீட்டில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். பரிபூரணம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதற்கேற்ப முழுதாகக் கேட்டாள். "உன் கண்ணு பார்த்து உன் கை எழுதுனது. இன்னொருத்தன் தலையில வச்சா எறங்கும்?" அவ்வளவுதான். பிறகு இட்லிக்கு மாவு இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

4 ஆகஸ்ட், புதன்

வாயால் சொன்னால் என் வார்த்தைக்கு எதிரே என் புத்தகமே நிற்கும். கண் முன்னால் காட்ட வேண்டும். அதற்கு உயிருள்ள சேறு வேண்டும்.

தென்காசி ரோட்டில் இன்னொரு மில்லில் கெமிஸ்ட்டாக இருக்கும் ஞானதுரை, கல்லூரியில் எனக்கு மூத்தவர். கேட்டதும் ஒரு கேன் கொடுத்தார். "மூடிய இறுக்கிராத. மூச்சு முட்டிச் செத்துரும்" என்றார். பாதி கேன்தான் நிரப்பினார், மீதி காற்றுக்கு.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குலுக்கினேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "மோரா தாயி?" என்றாள். கொஞ்சம் மூடியைத் திறந்து காட்டினேன். அவள் எழுந்து முன் சீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு அந்த வாசம் பிடித்திருந்தது. மழை விழுந்த மண்வாசம். முன்பெல்லாம் எங்கள் தொட்டியிலும் இதே வாசம்தான் வந்தது. அந்த வாசத்தைக் காணோம் என்று ஒருத்தர் சொன்னார். நான் தராசைக் காட்டினேன்.

5 ஆகஸ்ட், வியாழன்

பத்து மணிக்கு விசாரணை. முதலாளி, மேனேஜர், வேல்சாமி அண்ணன், நான். வேல்சாமி அண்ணனுக்கு நாற்காலி இருந்தது. அவர் உட்காரவில்லை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

முதலாளி என்னிடம், "அன்னைக்கு சேறு அளவு சரியா இருந்துச்சும்மா?" என்றார்.

 பாட்டில்களை எடுத்து மேஜை மேல் வைத்தேன். இரண்டிலும் ஒரே எடை சேறு வருகிற மாதிரி காலையிலேயே கலந்து வைத்திருந்தேன். ஒன்று எங்கள் தொட்டி, ஒன்று ஞானதுரை கொடுத்தது. கலக்கி, நிரப்பி, மூடினேன். "இருபது நிமிஷம் பொறுக்கணும் சார்." மூன்று பேரும் இரண்டு பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேல்சாமி அண்ணன் நின்றார். ஜன்னலுக்கு வெளியே சஞ்சீவி மலை வெயிலில் மங்கித் தெரிந்தது. நேரம் எங்கோ நின்றுவிட்ட மாதிரி இருந்தது. பயம்கூட கொஞ்சம் தூரமாகப் போய் நின்றது.

மருந்து விட்டுத் தெளியவைத்து, மேல் தண்ணீரில் மற்ற இரண்டையும் விட்டேன். ஞானதுரை கொடுத்த சேறு இருந்த பாட்டில் வெள்ளை. எங்கள் பாட்டில் பழுப்பு.

"இதுல உயிர் இருக்கு சார், காத்த தின்னுருச்சு. நம்ம தொட்டியில உயிர் இல்ல. நான் நிறுத்தது பஞ்சு. பஞ்ச உயிர்னு நெனச்சு, சேற வெளியேத்தச் சொல்லி நான்தான் சீட்டு எழுதினேன். அவர் சீட்டுல இருந்ததத்தான் செஞ்சார்."

முதலாளி இரண்டு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே எடையா?"

"ஒரே எடை சார்."

"சரே" என்று தெலுங்கில் சொன்னார். பிறகு பாட்டில்களைக் கீழே வைத்துவிட்டு, "பஞ்சு நிறுக்க கோடவுன்லயே தராசு இருக்கேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருக்கலாம். கோபமில்லாமல் சொன்னார். அழுகை வந்துவிட்டது. நிறுத்த முடியவில்லை.

அப்போதுதான் வேல்சாமி அண்ணன் வாய் திறந்தார், என்னைப் பார்த்து. "வெளிறிப் போச்சுன்னு அன்னைக்கே சொன்னேன். அதை எங்கயாச்சும் எழுதுனியளா?"

"இல்ல அண்ணே."

"எழுதியிருந்தா நான் கள்ளனா நிக்க வேண்டாம்லா."

 

9 ஆகஸ்ட், திங்கள்

வேல்சாமி அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலை போகவில்லை. குருசாமி சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மேலே வேறு கடிதம் எழுத வேண்டியது அவர்தானே.

பஞ்சைப் பிடிக்க வாய்க்காலில் வலை கட்டியிருக்கிறார்கள். ஞானதுரையின் மில்லில் இருந்து டேங்கரில் சேறு வந்தது. கொட்டும்போது தொட்டி ஓரம் நின்றேன். எதிர்க் கரையில் வேல்சாமி அண்ணன். 

நான் எடை எழுதும் புத்தகத்தில் இரண்டு கட்டம் புதிதாகக் கோடு போட்டேன். எடைக்குப் பக்கத்தில் மூச்சு. அதற்குப் பக்கத்தில் ஆபரேட்டர் குறிப்பு. சீட்டின் பின் பக்கமும் இனி வெறுமையாக இருக்காது.

17 ஆகஸ்ட், செவ்வாய்

குறிப்புக் கட்டம் காலி. தினமும் காலி. கையெழுத்து மட்டும் போடுகிறார். கேட்டால், "சொல்ல ஒண்ணும் இல்ல மேடம்" என்கிறார். மேடமாம்.

20 செப்டம்பர், திங்கள்

எடை 2100 மட்டும்தான். இருபது நிமிஷத்தில் பாட்டில் வெள்ளை. மணிப்பூச்சிகள் காம்போடு சுருங்கி விரிகின்றன, எண்ணினேன், ஒரு சொட்டில் பதினொன்று. ஓடைத் தண்ணீரில் அடி மணல் தெரிகிறது.

இன்று எந்தப் படமும் வரையவில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

6 அக்டோபர், புதன்

எடை 2900. நேற்று 2200. ஒரே நாளில் இவ்வளவா? எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அவசரத்தில் இருந்தேன், மூச்சு பார்க்காமலே சீட்டு எழுதி, புத்தகத்தோடு அனுப்பிவிட்டேன்: "அரை மணி நேரம் வெளியேற்றவும்."

மூன்று மணிக்குப் புத்தகம் திரும்பி வந்தது. குறிப்புக் கட்டத்தில் பெரிய பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியேயும் வழிந்து:

"கெமிஸ்ட் திறக்க சொன்னார். நேத்து வலை கிழிந்து பஞ்சு வந்துள்ளது. தொட்டி நல்லா இருக்கு. நான் திறக்கவில்லை. வேல்சாமி."

மூன்று தடவை படித்தேன். பிறகு பாட்டில் போட்டேன். இருபது நிமிஷம் மேஜையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். மூச்சு போன வாரம் இருந்த அதே அளவு. கூடியிருந்தது பஞ்சு மட்டும்தான்.

அவர் எழுதியதற்குக் கீழே "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.